காட்டாற்றில் குலுங்காத வண்டி

உங்கள் பட்டறை ஆயுத பூஜைக்கு என்னைக் கூப்பிட்டு மாலை போட்டீர்கள். உங்களில் ஒருவர் மைக்கைப் பிடித்து, காட்டிலாகா ஜீப்புகளே துரத்திப் பிடிக்க முடியாத வண்டியை அந்தக் காலத்தில் கட்டிய மேஸ்திரி இவர்தான் என்று அறிமுகம் செய்தார். எல்லோரும் கை தட்டினீர்கள். நான் பொங்கல் தொன்னையை மடியில் வைத்துக்கொண்டு குனிந்தே உட்கார்ந்திருந்தேன். பெரியவரின் அடக்கம் என்று நினைத்திருப்பீர்கள். அது அடக்கம் இல்லை, வெட்கம்.

வண்டி நான் கட்டியதுதான். ஜீப்பால் பிடிக்க முடியவில்லை என்பதும் உண்மைதான். ஆனால் ஊரில் அந்தக் கதையை அதோடு நிறுத்திவிடுகிறார்கள். மீதியையும் கேட்டுவிட்டுக் கை தட்டுவதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். வண்டியை உயர்த்திக் கட்டச் சொல்லி இப்போது உங்களிடம் நிறையப் பேர் வருகிறார்கள். அதனால் இதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நான் ஆந்திர எல்லையில், தமிழ் பேசுகிற நகரிக்குப் பக்கத்துக் கிராமம். எங்களுக்கு நிலம் கிடையாது. நைனா கரும்பு வெட்டப் போவார். லாரியின் பின்னால் ஆட்களோடு நின்றுகொண்டே போய், வெட்டிய கரும்பின் மேல் உட்கார்ந்துகொண்டு திரும்புவார். எனக்கு வெல்டிங் நன்றாக வந்ததால் மஸ்கட் போனேன். வீட்டுக்கு ஒருவராவது வெளிநாடு போய்க்கொண்டிருந்த காலம் அது. அங்கே மணலிலும் மலையிலும் ஓடும் வண்டிகளை உயர்த்திக் கட்டும் பட்டறையில் பல வருஷம் வேலை பார்த்தேன். திரும்பி வந்து திருப்பதியில், ரேணிகுண்டா ரோட்டில் இருந்த ஒரு பட்டறையில் தலைமை மேஸ்திரியாகச் சேர்ந்தேன். முதலாளி தெலுங்குக்காரர். லாரிக்கு அடியில் எடை தாங்குகிற ஸ்பிரிங் பட்டை வேலையிலேயே தலை நரைத்தவர்.

சித்தூர் பக்கம் கிரானைட் குவாரிகள் பெருகியிருந்தன. கல் ஏற்றி ஒடிந்த பட்டைகளைக் கழற்றுவது, புதுப் பட்டை போடுவது, மறுபடியும் கழற்றுவது. காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் இதுதான் வேலை. மஸ்கட்டில் நான் கற்றுக்கொண்டு வந்ததைக் காட்ட ஓர் இடமில்லை. அந்த ஆற்றாமை எனக்குள் எவ்வளவு பெரிதாக வளர்ந்திருந்தது என்று எனக்கே அப்போது தெரியாது.

அப்போதுதான் ஓர் ஆள் வந்தார். வெள்ளைச் சட்டை, மெல்லிய பேச்சு. மலையடிவாரத்தில் மாந்தோப்பு இருப்பதாகச் சொன்னார். ராணுவ ஏலத்தில் எடுத்த சின்ன லாரி ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி. தோப்புக்குப் போகிற வழியில் காட்டாறு குறுக்கே வருகிறது, கல்லும் பாறையுமாக இருக்கிறது, வண்டியின் வயிறு தட்டுகிறது, உயர்த்திக் கட்ட வேண்டும் என்றார்.

இதற்கு இரண்டு வழி இருந்தது. முதலாவது, இருக்கிற பட்டையோடு இன்னும் சில பட்டைகளைச் சேர்த்து, தாங்கும் கொக்கிகளை நீளமாக்கி, வண்டியைத் தூக்கி நிறுத்துவது. செலவு குறைவு, வேலை சீக்கிரம் முடியும். ஆனால் வண்டி விறைத்துக்கொள்ளும். ஒவ்வொரு கல்லிலும் துள்ளும். இரண்டாவது, பட்டைகளையே கழற்றிவிட்டு, சுருள் ஸ்பிரிங் வைத்து, அச்சை வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸோடு நீளமான இரும்புக் கைகளால் பிடித்துக் கட்டுவது. கை குட்டையாக இருந்தால், வண்டியை உயர்த்தியதும் அது செங்குத்தாகக் கீழே தொங்கும். சக்கரம் கல்லில் மோதினால் அந்த அடி நேராகச் சேஸிஸுக்குப் போகும். கையை நீளமாக்கி வண்டியின் நடுப்பகுதி வரை கொண்டுபோய்ப் பிடித்துவிட்டால் சாய்வு குறையும். சக்கரம் தன் பாட்டுக்கு மேலேயும் கீழேயும் போய்வரும். மேலே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. மஸ்கட்டில் இதை லாங் ஆர்ம் என்பார்கள். நான் நீளக்கை என்று பெயர் வைத்தேன். உங்களுக்கு இன்று இதெல்லாம் பெட்டியில் வந்து இறங்குகிறது. அன்று திருப்பதியில் யாரும் பார்த்ததுகூடக் கிடையாது.

நான் நீளக்கைதான் என்றேன். முதலாளி என்னை ஓரமாகக் கூப்பிட்டார். என்னிடம் பேசும்போது மட்டும் அவர் தமிழில் பேசுவார்.

"பட்டையே போதும் மேஸ்திரி. பள்ளத்துல உழுந்தா டிரைவருக்கு முதுகு வலிக்கணும். அப்பதான் மெதுவா போவான்."

பழைய காலத்துப் பேச்சு என்று நினைத்தேன். மஸ்கட்டில் இப்படிக் கட்டிய வண்டிகள் எப்படிப் போகும் என்று அவருக்கு விளக்கமாகச் சொன்னேன். வாடிக்கையாளர் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வெளிநாடு பார்த்த மேஸ்திரி சொன்னால் அதில் மறுபேச்சே இல்லை என்று தெலுங்கில் சொல்லிவிட்டு என் தோளில் கை வைத்தார். அந்தக் கை எனக்குப் பிடித்திருந்தது.

கேட்க வேண்டியதையெல்லாம் நான் கேட்டேன் என்றுதான் அன்று நினைத்தேன். எவ்வளவு எடை ஏறும், எந்த அளவுக் கல், மழைக்காலத்திலும் போகுமா, ஏற்றம் எவ்வளவு. எல்லாவற்றுக்கும் அவர் தயங்காமல் பதில் சொன்னார். பின்னால் சரக்கும் வரும், கூலியாட்களும் ஏறுவார்கள் என்றார். அப்புறம் அவராகவே சில விஷயங்கள் கேட்டார். பின் விளக்குகளை அணைக்கத் தனியாக ஒரு சுவிட்ச் வேண்டும். வண்டிக்கு மண் நிறத்தில் பெயிண்ட் அடிக்க வேண்டும். எதற்கு என்று வயரிங் பார்ப்பவர் கேட்டதற்கு, தோப்புக்கு யானை வருகிறது, வெளிச்சத்தைப் பார்த்தால் துரத்துகிறது என்றார். பலமநேரி பக்கம் யானை வருவது எல்லோருக்கும் தெரியும். வயரிங்காரர் தலையாட்டிவிட்டார்.

நான் தலையாட்டவில்லை. மாங்காய் எப்படிப் போகிறது என்று எனக்குத் தெரியும். டிராக்டரில் போகிறது. மாங்காய் ஏற்ற இப்படி ஒரு வண்டி யாருக்கும் வேண்டியதில்லை. திருப்பதி மலைக்குப் பின்னால் இருக்கும் காட்டில் என்ன மரம் வளர்கிறது, அதை யார் வெட்டுகிறார்கள், எப்படி வெளியே போகிறது என்பதெல்லாம் டீக்கடையில் பேசிக்கொள்கிற விஷயம். செம்மரம் என்ற வார்த்தை என் வாய் வரைக்கும் வந்தது. கேட்டால் அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். நீளக்கை கட்ட இன்னொரு வண்டி எப்போது வரும்? வாயை மூடிக்கொண்டு, நீளக்கைக்குப் பைப்பை வெட்டச் சொன்னேன்.

அந்த வேலையை நான் எப்படிச் செய்தேன் என்று உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. நன்றாகச் செய்தேன், அவ்வளவுதான். சந்திரகிரி தாண்டி ஒரு காய்ந்த ஆற்றில் இறக்கிப் பார்த்தோம். தலையளவு கல்லின் மேல் சக்கரம் ஏறி இறங்கியது. மேலே கூடு அசையாமல் போனது. பட்டறை ஆட்கள் விசில் அடித்தார்கள். முதலாளி மட்டும் வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து பார்த்து, வேலை சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பட்டறை ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

சில மாதம் கழித்து, ஒருநாள் காலை, காட்டிலாகாவிலிருந்து ஓர் ஆள் வந்தார். கரும்புத் தோட்டத்துக்குள் ஒரு வண்டி கேட்பாரற்று நிற்கிறது, இப்படியொரு வேலையைத் திருப்பதியில் யார் செய்வார்கள் என்று விசாரித்தபோது எல்லோரும் உங்களைத்தான் சொன்னார்கள் என்றார். போய்ப் பார்த்தேன். வண்டியில் செம்மரக் கட்டைகள் அப்படியே இருந்தன. நான் பற்றவைத்த இடம் ஒன்றுகூட விடவில்லை. அதைத்தான் என் கண் முதலில் தேடியது. இதைச் சொல்லவே கூசுகிறது.

அங்கே இருந்த காட்டிலாகா ரேஞ்சர் நடுவயதுக்காரர். சத்தம் போடாமல் பேசினார். வண்டியைத் துரத்தியதாகவும், காட்டாற்றுக்குள் அது இறங்கியதும் தங்கள் ஜீப்பால் தொடர முடியவில்லை, பிறகு டிரைவர் விட்டுவிட்டு ஓடிய வண்டிதான் கிடைத்தது என்றும் சொன்னார். நல்ல வேலை மேஸ்திரி என்றும் சொன்னார். அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. பிறகு என்னிடம் ஓர் உதவி கேட்டார். வண்டியிலிருந்து விழுந்த ஒருவர் அரசு ஆஸ்பத்திரியில் இருக்கிறார், அவர் பேசுகிற தமிழ் தங்கள் ஆட்களுக்குச் சரியாகப் புரியவில்லை, வந்து எடுத்துச் சொல்ல முடியுமா என்றார். விழுந்த ஆள் என்று ஒருவர் இருப்பதை அப்போதுதான் முதல் தடவையாகக் கேள்விப்பட்டேன்.

அவர் பெயர் அண்ணாமலை. முப்பத்தைந்து வயது இருக்கும். வேலூருக்கு மேற்கே மலைக் கிராமம். தொடை எலும்பும் இடுப்பும் உடைந்து, காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு காவலர். ரேஞ்சர் தெலுங்கில் கேட்க, நான் தமிழில் கேட்டேன். மாங்காய் பறிக்கிற வேலை என்று ஏஜென்டு சொல்லி இட்டுக்கினு வந்தான், காட்டுக்குள் போன பிறகுதான் கையில் கோடாலி கொடுத்தார்கள் என்றார். திரும்பிப் போக வழி தெரியவில்லை என்றார். பேசும்போதெல்லாம் என் முகத்தையே பார்த்தார். அந்த ஊரில் அவர் பேச்சு புரிந்த முதல் ஆள் நான்.

எப்படி விழுந்தீர்கள் என்று ரேஞ்சர் கேட்கச் சொன்னார்.

"அது நல்ல வண்டி சார்" என்றார் அண்ணாமலை. "குந்திக்கினு இருந்தா ஓடறதே தெரியாது. அதனால நாங்க யாரும் ஒண்ணத்தையும் புடிச்சிக்கல. ஜீப்பு பின்னால வருதுன்னு டிரைவரு வேகமா வுட்டான். பெரிய கல்லு மேல ஏறிச்சி போல. கட்டை உருண்டுது, நாங்க மூணு பேரும் ஆத்துல உழுந்துட்டோம். கத்தனோம். அவனுக்குத் தெரியவே இல்ல, போய்க்கினே இருந்தான்."

மற்ற இருவர் சிராய்ப்போடு தப்பித்து ஓடிவிட்டார்கள். இவரால் ஓட முடியவில்லை. துரத்தி வந்த ஜீப்பில் இருந்தவர்கள்தான் இறங்கி நடந்து வந்து, கல்லுக்கு நடுவில் கிடந்த இவரைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

இதை நான் தெலுங்கில் சொல்ல வேண்டும். சொன்னேன். வண்டி நன்றாக இருந்ததால் யாரும் பிடித்துக்கொள்ளவில்லை, ஆள் விழுந்தது டிரைவருக்குத் தெரியவில்லை. ரேஞ்சர் என்னைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தன்னைப் புத்தூருக்குக் கொண்டுபோகச் சொல்லும்படி அண்ணாமலை என்னிடம் கெஞ்சினார். அங்கே கட்டுப்போட்டால் எழுந்து நடந்துவிடலாம் என்று அவர் ஊரில் எல்லோரும் சொல்வார்களாம். கோர்ட்டைக் கேட்காமல் தன்னால் எதுவும் செய்ய முடியாது என்று ரேஞ்சர் சொன்னார். அதையும் மொழிபெயர்த்தேன். "நீங்க எந்தப் பக்கம்ணா?" என்று அண்ணாமலை கேட்டார். நகரி என்றேன். நம்ம ஆளு என்பதுபோல லேசாகச் சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்குப் பிறகு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.

"அந்த வண்டிய கட்டனவன் நான்தான்" என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. கோபப்படவும் இல்லை. பிறகு கேட்டார்.

"அப்ப அது எங்க போவப் போவுதுன்னு உனக்குத் தெரியுமா?"

"ஏமன்டுன்னாடு?" என்று ரேஞ்சர் கேட்டார். என்ன சொல்கிறார் என்று கேட்கிறார். அந்த வண்டி எங்கே போகப் போகிறது என்று எனக்குத் தெரியுமா என்று கேட்கிறார் சார் என்று தெலுங்கில் சொன்னேன். ரேஞ்சரும் இப்போது பதிலுக்காக என்னைப் பார்த்தார். காவலரும் பார்த்தார்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சட்டப்படி அது சரியான பதில். என்னிடம் யாரும் செம்மரம் என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லத்தான் வாயெடுத்தேன். கட்டிலில் தொங்கிய அந்தக் காலைப் பார்த்துக்கொண்டு என்னால் அதைச் சொல்ல முடியவில்லை.

"கேக்கல" என்றேன் அண்ணாமலையிடம். ரேஞ்சரிடம் திரும்பி, "அடகலேது" என்றேன். இரண்டு மொழியிலும் அது ஒரே ஒரு வார்த்தைதான்.

அண்ணாமலை முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வெள்ளைச் சட்டைக்காரரைப் பிறகு பிடித்தார்கள், வழக்கு நடந்தது. நானும் சாட்சி சொன்னேன். என் மேல் யாரும் குற்றம் சொல்லவில்லை. முதலாளிகூட ஒரு வார்த்தை திட்டவில்லை. பட்டை வைத்திருந்தால் டிரைவர் அந்த வேகத்தில் போயிருக்க மாட்டான், பின்னால் இருந்தவர்களும் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருந்திருப்பார்கள் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. ஊரில்தான் வேறு மாதிரி பேச்சு பரவியது. ஜீப்பால் பிடிக்க முடியாத வண்டி! அதைக் கேட்டுவிட்டே பட்டறைக்கு வாடிக்கையாளர்கள் வந்தார்கள். அந்தப் பேரில் வந்த வேலையை நான் செய்திருக்கிறேன், அந்தச் சம்பளத்தையும் வாங்கியிருக்கிறேன்.

நீங்கள் என்னைக் கேட்பீர்கள், அப்புறம் என்ன மாற்றிக்கொண்டீர்கள் என்று. நீளக்கை கட்டுவதை நான் விடவில்லை. தப்பு அந்தக் கையில் இல்லை. ஆனால் எவ்வளவு கல், எவ்வளவு ஏற்றம் என்று கேட்பதற்கு முன்னால், இதில் யார் ஏறப் போகிறார்கள், எதற்கு என்று கேட்க ஆரம்பித்தேன். பதில் ஒத்துவராவிட்டால் பட்டை போதும் என்று சொன்னேன், இல்லாவிட்டால் வேலையே வேண்டாம் என்று அனுப்பினேன். பின்னால் ஆள் ஏறுகிற வண்டியென்றால் பிடித்துக்கொள்ளக் கம்பி பற்றவைக்காமல் வெளியே விட்டதில்லை. குலுங்காத வண்டி மேலே இருப்பவருக்கு எதையும் சொல்லாது. யாராவது ஒருவர் அதற்குப் பதிலாக யோசித்தாக வேண்டும்.

இதனால் உலகம் ஒன்றும் திருந்திவிடவில்லை. ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டை வந்த பிறகு ஒரு காண்டிராக்டர் வந்தார். மழைக்காலத்தில் ஏரித் தண்ணீர் ரோட்டில் ஓடுகிறது, அதற்குள் இறங்கி ஆட்களைப் பேக்டரிக்குக் கொண்டுபோக வேண்டும், லாரியை உயர்த்திக் கொடு என்றார். பின்னால் எத்தனை பேர் நிற்பார்கள் என்று கேட்டேன். எத்தனை பேர் பிடிக்குமோ அத்தனை பேர் என்றார். முடியாது என்றேன். அடுத்த வாரமே நாயுடுபேட்டை ரோட்டில் அந்த லாரியைப் பார்த்தேன். வேறு பட்டறையில் உயர்த்தியிருந்தார்கள். பின்னால் ஆண்களும் பெண்களும் சாப்பாட்டுக் கூடையோடு நெருக்கியடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள். நான் மறுத்ததால் அவர்களில் ஒருவருக்கும் எந்த நன்மையும் இல்லை. அதையும் நீங்கள் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். மறுத்துவிட்டு வந்த நாளில்கூட நெஞ்சை நிமிர்த்திக்கொள்ள எனக்கு ஒரு காரணம் கிடைக்கவில்லை.

அண்ணாமலையை மறுபடி ஒரு தடவை பார்த்தேன். யாரும் கூப்பிடவில்லை, நானாகத்தான் போனேன். சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனேன். திட்டு வாங்கிவிட்டால் கொஞ்சம் ஆறும் என்று நினைத்துப் போனேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் மனைவி ஊரிலிருந்து வந்திருந்தார். ஒல்லியான பெண். பல பஸ் மாறி, வழி கேட்டுக் கேட்டு வந்து சேர்ந்திருக்கிறார். வார்டில் யார் பேசுவதும் அவருக்குப் புரியவில்லை.

"இவருதான் அந்த வண்டிய கட்டனவரு" என்று அண்ணாமலை அவரிடம் சொன்னார்.

அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஸ்டூல் மேல் இருந்த துணிப்பையை எடுத்துக் கீழே வைத்தார். "குந்துண்ணா, எவ்ளோ நேரம் நிப்ப" என்றார். நான் உட்காரவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை. அவருக்கு வேறு கவலை இருந்தது.

"டாக்டரு வந்து தினமும் என்னமோ சொல்லிட்டுப் போறாரு. எனுக்கு ஒண்ணும் புரியல. இவரு மறுபடி மலை ஏறுவாரான்னு நீ கேட்டுச் சொல்றியா?"

டாக்டர் வார்டின் அந்தக் கோடியில் இருந்தார். போய்க் கேட்டேன். எலும்பு கூடிவிடும், கோல் வைத்துக்கொண்டு சமதளத்தில் நடக்கலாம், ஆனால் ஏற்றம் ஏறுவது கஷ்டம், எடை தூக்கவே கூடாது என்றார். இன்னொரு தடவை கேட்டேன், வேறு பதில் வராதா என்று. அதையேதான் சொன்னார்.

வரிசையாகக் கிடந்த கட்டில்களைத் தாண்டித் திரும்பி வந்து, இருவரிடமும் தமிழில் சொன்னேன். அண்ணாமலை கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பெண் அவர் போர்வையை இழுத்துவிட்டார். பிறகு என்னிடம் இல்லை, புருஷனிடம் சொன்னார்.

"நம்ம ஊருக்கு ரோடே இல்லியே. எந்த வண்டியும் வராதே."